பிதுக்கி எடுத்த மாத்திரை

கிரேனில் தொங்கிய கர்டர் ஆடியது. ஆடியிருக்கக் கூடாது. காற்று இல்லை. இரும்புக் கயிறு சரியாகப் பூட்டியிருந்தது. கீழே நின்று கை காட்டுகிறவன் சரியாகத்தான் காட்டினான். மேலே கேபினில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கண் தெளிவதற்குள் அந்த இரும்பு, டிரெய்லரின் தலையில் உரசி, கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போய் நின்றது. டிரைவர் அப்போது சிகரெட் பிடிக்கப் போயிருந்தான். அதனால்தான் அவன் இன்னும் சிகரெட் பிடிக்கிறான்.

இரும்பு யார்டில் கிரேன் ஓட்டுகிற அவருக்குப் பெயர் கொக்கி. யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. அவர் இறங்கி வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். யாரோ வீட்டுக் கண்ணாடி உடைந்த மாதிரி இருந்தது.

மேஸ்திரி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள டாக்டர்கிட்ட பிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிட்டு வா. இல்லேன்னா என் மச்சான் ஏறட்டும். நீ கீழ கயிறு கட்டு."

"உங்க மச்சானுக்கு ஏணியைப் பார்த்தாலே மூச்சு வாங்குதே."

"அது என் கவலை. உன் கவலையை நீ பாரு."

கீழே கயிறு கட்டுவது சின்ன வயதில் அவர் செய்த வேலைதான். சங்கிலி தூக்கித் தூக்கி இடது தோள் கழன்று போன பிறகுதான் கிரேன் பழகினார். அந்தக் கை இப்போது சட்டை மாட்டுவதற்கே முனகும். கேபினை விட்டு இறங்கினால் அந்த யார்டில் அவருக்கு வேறு இடமில்லை. அது மேஸ்திரிக்கும் தெரியும்.

கிளினிக்கில் டாக்டர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார். "இதயத்துல கோளாறு தெரியலை. ஆனா ரொம்ப மெதுவா நடக்குது. பக்கத்து ரூம்ல மருந்து விஷயம் பார்க்கிறவங்க இருக்காங்க. அவங்க பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

பக்கத்து அறை முன்பு பஞ்சும் கட்டுத் துணியும் அடைத்து வைத்திருந்த அறை. ஒரு மேசை, பிரஷர் பார்க்கும் கருவி, இரண்டு நாற்காலி போட்டதும் நிரம்பிவிட்டது. அங்கே இருக்கும் மருந்தாளுநர் கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவர் அல்ல. வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களை உட்கார வைத்து, எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம், எது எதோடு சண்டை போடுகிறது என்று பார்க்கிறவர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "டாக்டர் எழுதுவாரு, இந்தம்மா அடிச்சுத் திருத்துவாங்க" என்பார்கள்.

கொக்கிக்கு அந்த அறை புதிதல்ல. பிரஷருக்காக வருவார். அவர் மனைவி நெஞ்சுப் படபடப்புக்காக வருவாள். இரண்டு பேரும் சேர்ந்தே வருவார்கள்.

மனைவி இப்போது இல்லை. தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் மூளையில் ரத்தம் கசிந்து, அந்த ஊரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இந்தக் கிளினிக்கில் யாருக்கும் தெரியாது. மாதம் பிறந்ததும் கொக்கி கவுண்டருக்குப் போனார். அந்தப் பெண் வழக்கம்போல இரண்டு பொட்டலத்தை நீட்டினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். பின்னால் வரிசை நின்றது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த மாதமும் அப்படித்தான்.

மனைவி மாத்திரை என்றால் ஓடுகிற ஆள். இவர்தான் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, அவள் விழுங்குகிறவரைக்கும் போலீஸ்காரன் மாதிரி எதிரே நிற்பார். அவள் போன பிறகும் ஒரு நாள் கை தன்பாட்டுக்குப் பிதுக்கிவிட்டது. நீட்ட ஆளில்லை. அட்டையிலிருந்து வந்த மாத்திரையைத் திருப்பி உள்ளே தள்ள முடியாது. குப்பையில் போடவும் கை போகவில்லை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டார். மறுநாள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. காலை ஒன்று, மாலை ஒன்று. தன்னுடையதும் அவளுடையதும்.

மருந்தாளுநர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். பிடித்த கையை உடனே விடவில்லை.

"நாப்பத்தி நாலு. கை ஏன்யா இவ்வளவு சில்லுனு இருக்கு?"

"கொஞ்ச நாளா அப்படித்தான்."

"தலை சுத்துதா?"

"எழுந்திருச்சா சுத்தும். நின்னுட்டா நின்னுடும்."

"வேற?"

அவர் யோசித்தார். "சாப்பிடுறேன். வேலைக்குப் போறேன். படுத்தா கட்டை மாதிரி தூக்கம் வந்துடுது. வேற ஒண்ணுமில்ல."

"உங்க பிரஷர் மாத்திரை ரத்தக் குழாயைத்தான் தளர்த்தும். இதயத்தை இப்படிப் பிடிச்சு நிறுத்தாது. வேற ஏதோ ஒண்ணு செய்யுது. தோள் வலிக்கு யாராவது ஏதாவது குடுத்தாங்களா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுறீங்களா? சில சொட்டு மருந்துகூட இந்த வேலையைச் செய்யும்."

"கண்ணு நல்லா இருக்கும்மா. அதை வச்சுத்தான் பொழப்பே."

"அம்மா எங்கய்யா? ஆளையே காணோம்? மாத்திரை மட்டும் போயிட்டிருக்கு. அவங்களைப் பார்க்காம நானும் சீட்டைப் புதுப்பிச்சு விட்டுட்டே இருக்கேன்."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"போன தடவை வந்தப்ப இந்த நாற்காலி ஆடுதுன்னு என்னைத் திட்டினாங்க. இதைச் சரி பண்ணத் துப்பில்ல, நீ எங்க மனுஷன் இதயத்தைச் சரி பண்ணப் போறேன்னு. அப்புறம் அவங்களே மாத்திரை டப்பாவை மடிச்சுக் காலுக்கு அடியில வச்சாங்க. இன்னும் அப்படியே இருக்கு, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். அட்டை நசுங்கிக் கறுத்துப் போயிருந்தது. குனிந்ததால் தலை சுற்றியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவ இல்லம்மா."

"இல்லன்னா?"

"செத்துட்டா. மழைக்கு முந்தியே."

மருந்தாளுநர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். கணினித் திரையைப் பார்த்தாள். அதில் அவர் மனைவி சென்ற வாரம்கூட மருந்து வாங்கியிருந்தாள்.

"அந்த மாத்திரை எல்லாம் எங்கய்யா இருக்கு?"

"எங்க இருக்கும். நான்தான் சாப்பிடுறேன்."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும்."

அவள் தலையில் கை வைக்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. அதற்காக அவருக்கு அவளைப் பிடித்துப் போனது.

"அது ஓடுற இதயத்தை இழுத்துப் பிடிக்கிற மாத்திரை. அவங்களுது ஓடிச்சு, அதனால சரியா இருந்துச்சு. உங்களுது சும்மா நடந்துட்டிருந்துச்சு. அதையும் பிடிச்சு இழுத்தா இப்படித்தான். அந்தத் தூக்கமும் அசதியும்கூட அதோட வேலையா இருக்கலாம்."

"கிறுக்குன்னு எழுதிடுவீங்களா? யார்டுல தெரிஞ்சா அப்புறம் என்னை ஏணிப் பக்கமே விடமாட்டாங்க."

"தெரியாம சாப்பிட்டதுன்னு எழுதுவேன்."

"தெரிஞ்சுதானே சாப்பிட்டேன்."

"என்ன செய்யும்னு தெரியாம. அதுக்குக் கிறுக்குன்னு பேர் இல்ல."

"அப்ப இன்னையோட நிறுத்திடுறேன். நீங்க கையெழுத்து வாங்கிக் குடுங்க. வெள்ளிக்கிழமை கெடு."

"அப்படி வெடுக்குனு நிறுத்தினா கட்டிப் போட்ட நாயை அவுத்துவிட்ட மாதிரி இதயம் ஓடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். டாக்டர்கிட்ட பேசிட்டு அளவு சொல்றேன். அது முடியற வரைக்கும் மேல ஏறக் கூடாதுய்யா."

"ஏறலேன்னா மச்சான் ஏறிடுவான்."

"நீங்க ஏறி, கீழ ஒருத்தன் தலையில இறக்கிட்டா?"

கை காட்டுகிறவனுக்கு இரண்டு பிள்ளைகள். அது அவருக்குத் தெரிந்த செய்திதான். செய்தியாகவே உள்ளே கிடந்தது.

அவர் எதிரிலேயே அவள் மேஸ்திரிக்குப் போன் போட்டாள். என்ன சொல்லலாம் என்று முதலில் அவரிடம் கேட்டுக்கொண்டாள். "அவருக்கு வியாதி இல்லீங்க. எங்க கவுண்டர்ல இருந்து போகக் கூடாத மாத்திரை போயிருக்கு. ஆமா, எங்க தப்பும் இருக்கு. மூணு வாரம் குடுங்க. கனம் தூக்கச் சொல்லாதீங்க. அப்புறம் டாக்டரே எழுதித் தருவாரு." அந்தப் பக்கம் மேஸ்திரி என்னென்னவோ சொன்னார். கடைசியில், "மூணு வாரம்தான், நான் ஒண்ணும் தர்மசத்திரம் நடத்தலை" என்றது மட்டும் வெளியே கேட்டது.

"கணினியில அம்மா பேரை முடிச்சுடட்டுமா?" என்று கேட்டாள்.

"முடிச்சுடுங்க."

தட்டினாள். முடிந்தது. யார்டில் சுமை ஏற்றி அனுப்பிய வண்டியைக் கணக்கில் கழிப்பதும் இப்படித்தான். தட்டினால் போய்விடும்.

வீட்டில் பொறுப்பான ஆள் ஒருவர் மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மருந்தாளுநர் சொல்லியிருந்தாள். மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். மகள் வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்தாள். அலமாரியைத் திறந்து பொட்டலங்களை மேசையில் கொட்டினாள்.

"அம்மா மருந்தை நீ ஏன்ப்பா தின்னே? அப்படியே அவ செருப்பையும் மாட்டிக்கிட்டு நடக்க வேண்டியதுதானே?"

"கால் பத்தாது."

"பேசாத. வாயில நல்லா வந்துடும்."

பிறகு அவளே சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவர் வாசற்படியில் நின்றார். "டீ போடட்டா?" என்றார்.

மூன்று வாரமும் இரும்புக் கயிறுகளைப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்து, கயிற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே போய், இழை அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அறுந்த இழை துணியில் மாட்டும். மேலே மச்சான் கர்டரைப் பயந்து பயந்து தூக்கினான். மதியத்துக்குள் போக வேண்டிய வண்டி இருட்டின பிறகு போனது. கை காட்டுகிறவன் டிரம் பக்கம் வரும்போதெல்லாம், "சீக்கிரம் ஏறித் தொலை கொக்கி. இவனுக்குக் கை காட்டிக் காட்டி என் தோளும் உன் தோள் மாதிரி ஆயிடும்" என்றான்.

மாத்திரை பாதியானது. பாதி பாதியாகி, நின்றது. கை சூடு கண்டது. தலை சுற்றல் போனது. தூக்கமும் போனது. விடியும்வரை முழித்துக் கிடந்தார். அவள் படுத்திருந்த பக்கம் பாய் சுருண்டு சுவரோரம் நின்றது. இத்தனை மாதமும் அங்கேதான் நின்றிருக்கும். இப்போதுதான் கண்ணில் பட்டது. நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும். எழுந்து தண்ணீர் குடிப்பார். மறுபடியும் அடிக்கும்.

மூன்றாம் வாரம் மருந்தாளுநர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுச் சிரித்தாள். "அறுபத்தி ஆறு. ஜம்முனு இருக்கீங்க."

"எங்க ஜம்முனு இருக்கேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காத. அந்த மாத்திரையையே குடுத்துடு. ரெண்டு வேளை வேண்டாம். ஒரு வேளை போதும்."

"எதுக்குய்யா?"

"அது இருந்தப்ப ஒண்ணும் தெரியலை."

அவள் இதயப் படத்தை எடுத்துப் பார்த்தாள், அதில் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"இதயம் சரியாத்தான் அடிக்குது. இது துக்கம். இதுக்கு மாத்திரையே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். தூங்க வைக்க இருக்கு. பேசி ஆத்துறதுக்கு ஆளும் இருக்காங்க, சீட்டு எழுதித் தரேன். ஆனா உணர்ச்சியை மழுங்க வைக்கிற மாத்திரை உள்ள இருந்தா உங்களுக்குக் கேபின் கிடையாது. நான் சரின்னு சொல்ல மாட்டேன், டாக்டர் கையெழுத்துப் போட மாட்டாரு. ரெண்டுல ஒண்ணுதான்யா."

"ரெண்டுல ஒண்ணா."

"ஆமா."

அவர் ஆடாத நாற்காலியின் காலுக்கு அடியில் இருந்த அட்டையைப் பார்த்தார். வெளியே யாரோ கதவைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார்கள்.

"பிட்னஸை வாங்கிக் குடு" என்றார். "அந்தச் சீட்டையும் எழுதிக் குடு."

மறுநாள் சான்றிதழை மேஸ்திரியிடம் கொடுத்தார். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "ஏறு" என்றார். மச்சான் இறங்கி வந்து, சாவியைக் கையில் வைத்து அழுத்திவிட்டு, தப்பித்தோம் என்கிற முகத்தோடு போனான்.

கேபினில் மச்சான் சாப்பிட்ட பிஸ்கட் தூள் சிந்திக் கிடந்தது. துடைத்தார். லிவரில் கை வைத்தார். கிரேனின் கொக்கி இறங்கியது. கீழே முதல் கர்டரைப் பூட்டினார்கள். கை காட்டுகிறவன் கையை மேலே உயர்த்தித் தூக்கு என்றான்.

அப்போதுதான் அழுகை வந்தது. சொல்லிக்கொண்டு வரவில்லை. அவருக்குத் தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது, கண்ணாடிக்கு வெளியே யார்டு முழுக்கத் தண்ணீருக்குள் கிடப்பது போலக் கலங்கியது. லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டார். ரேடியோவை அழுத்தினார்.

"தூக்கலை. கொஞ்சம் இரு."

"ஏன், என்ன ஆச்சு? மறுபடியும் தலை சுத்துதா?"

"இல்ல. கண்ணு தெளியட்டும்."

கீழே மேஸ்திரி கைகளை விரித்து என்ன என்று கேட்பது மங்கலாகத் தெரிந்தது. கை காட்டுகிறவன் மேஸ்திரியிடம் போய் ஏதோ சொன்னான். மேஸ்திரி வாட்சைப் பார்த்தார். டிரெய்லர்காரன் இறங்கிச் சிகரெட் பற்ற வைத்தான். கர்டர் தரையிலேயே கிடந்தது. கயிறு தொய்ந்து நின்றது.

அவர் எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்தார். துணியின் வாடை ஏறித் தும்மல் வந்தது. கண்ணாடி வழியே ஒருமுறை பார்த்தார். இன்னும் கலங்கல்தான். மறுபடியும் துடைத்துவிட்டு, கை காட்டுகிறவனின் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறவரைக்கும் காத்திருந்தார்.

"இப்பக் காட்டு" என்றார்.