நாலு பன்னிரண்டுக்கு உள்ளே இருந்தது யார்?

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார் மேல் கோபம் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘1994 மார்ச் மாதத்து இளவெயிலில் கச்சேரி ரோடு…’ சே, வேண்டாம். மார்ச்சில் மயிலாப்பூரில் ஏது இளவெயில்?

இரண்டாவது: வெள்ளிக்கிழமை மாலை நாலு பன்னிரண்டுக்கு எங்கள் அலுவலக யூனிக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து நாலாயிரம் முகவரிகள் அழிந்துபோயின. டைப் செய்து வைத்திருந்தவள் கமர் ஜஹான். அழித்ததும் அவள்தான் என்று மேனேஜர் ராஜரத்தினம் முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை மதியத்துக்குள் இல்லையென்று நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும். இதுவே இருக்கட்டும்.

2

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியேறினார் என்பதை அது ஒரு ஃபைலில் தானே எழுதிக்கொள்ளும். சனி காலை வந்ததும் அதைத் திறந்தேன். ஒரே குப்பை. பெயர்களின் வால் அடுத்த கட்டத்தில் கிடந்தது. தேதி 2031 என்றது.

“நான் மூணு மணிக்கே கெளம்பிட்டேன் நீரஜாக்கா. எங்க அக்காவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன்,” என்றாள் கமர் ஜஹான்.

(இங்கே அவளை அழ வைக்கலாமா என்று யோசித்தேன். அவள் அழவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.)

3

அந்த ஃபைலில் ஒவ்வொரு பதிவுக்கும் முப்பத்தாறு எழுத்து இடம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எங்கேயோ ஏதோ நுழைந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருக்கிறது. எழுத்தெழுத்தாகத் திரையில் கொட்டிப் பார்த்தேன். இதில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் அவனைச் சும்மா விடப்போவதில்லை என்று…

“எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு யூ கீதேக்கா, அது இன்னா?”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. மாதம் பிறந்தால் அந்த ஃபைலைக் காலி செய்து புதிதாகத் தொடங்குவது நான்தான். வெறுமனே தொடங்குவானேன் என்று ஒன்றாம் தேதி பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். அதில் தமிழ் ‘உ’ வராது என்பதால் இங்கிலீஷ் யூ. பிறகு ஒரு என்டர். ஆக, இரண்டு எழுத்து.

(கோபம் யார் மேல் என்று இப்போது தெரிந்திருக்கும். பாதிதான் தெரிந்திருக்கிறது.)

4

இரண்டையும் வெட்டினேன். பெயர்கள் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன. கமர் ஜஹான் வெளியேறியது மூன்று மணி இரண்டு நிமிடம்.

நாலு பன்னிரண்டுக்கு உள்ளே இருந்தது ஒரே ஒரு பெயர். நீரஜா.

டிஸ்க் நிறைந்துவிட்டதென்று அப்போது பழைய ஃபைல்களை அழித்துக்கொண்டிருந்தேன். முகவரி ஃபைலையும் பழையது என்று நினைத்து. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவளும் படித்துவிட்டாள். பிறகு மெதுவாக, “ரெண்டு எழுத்த எடுத்த மாரி அந்த ஒரு வரியயும் எடுத்துடுங்கக்கா. நான் போன நேரம் இருந்தா எனக்குப் போதும்,” என்றாள்.

எடுத்திருக்கலாம். முப்பத்தாறே எழுத்து. முழு ஃபைலையும் பிரின்டுக்குக் கொடுத்தேன்.

5

மேனேஜர் அறையில் நடந்ததை மூன்று விதமாக எழுதி அடித்தேன். ஒன்றில் அவர் கத்துகிறார். ஒன்றில் மன்னிக்கிறார், அவரைத் தெரிந்த யாரும் அதை நம்பமாட்டார்கள். ஒன்றில் நான் பையை எடுத்துக்கொண்டு…

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் திங்கட்கிழமை காலை கமர் ஜஹான் வேலைக்கு வந்திருக்க வேண்டும். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.