இரத்தத்தின் தாய்க்கு ஒரு ஸ்தோத்திரம்

1

இந்தக் கதை மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டு ஜெக்கரியா, ஜெர்மனியில் ஆய்வகத்தில் இருக்கும் மகள் ஃபிளோராவைப் பற்றி இறங்கும்வரை பேசினார். பாதி அவர் சொன்னது, மீதி நான் கட்டிவிட்டது. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

2

ஃபிளோரா மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது வெளியே பனி

(அடித்துவிட்டேன். அவள் வேலையில் மைக்ரோஸ்கோப்பே இல்லை, கம்ப்யூட்டர்தான். ஜெர்மனிப் பனியை நான் பார்த்ததும் இல்லை.)

மறுபடி. ஒவ்வொரு இரத்த அணுவையும் ஒரு துளிக்குள் பிடித்து, அதில் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று மெஷின் அளந்து தரும். அதை வைத்து, எந்த அணுவிலிருந்து எது பிறந்தது என்று ஃபிளோரா ஊகிக்க வேண்டும். ஜாடை பார்த்து உறவு சொல்கிற வேலை. கல்யாண வீட்டில் நம் ஆட்கள் நாள் முழுக்கச் செய்வதுதான்.

2017-இல், சிவப்பணுவின் ஜாடையும் ஒரு வெள்ளையணுவின் ஜாடையும் சேர்ந்த சில அணுக்கள் சிக்கின. இரண்டுக்கும் பொதுவான தாய் என்றாள். அவள் புரொபசருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதை வைத்து எழுதும் கட்டுரை வந்தால்தான் அவள் வேலை நீடிக்கும். போனில் கேட்ட அப்பா, அடுத்த ஞாயிறே கோயிலில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டார். "இரத்தத்தின் தாயைக் கண்டுபிடித்த நம் சபை மகள்" என்று போதகர் வாசித்தார்.

3

அந்தத் தாயின் மேல் ஃபிளோராவுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு ஜாடையும் சரிபாதியாகவா? தனக்கென்று ஒரு மரபணுகூட இல்லாமலா? அளந்து பார்த்தாள். அவற்றில் மற்ற அணுக்களைவிட இரண்டு மடங்கு மரபணுச் சரக்கு. ஒரே துளியில் இரண்டு அணுக்கள் மாட்டியிருந்தன. தாயே இல்லை.

(எனக்கும் ஒரு சந்தேகம். பஸ்ஸில் கேட்ட மகளையும் எனக்குத் தெரிந்த இன்னொருத்தியையும் நான் ஒரே துளியில் போட்டுவிட்டேனோ?)

4

புரொபசரிடம் போகும் முன் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அது தாய் இல்லப்பா. ரெண்டு அணு ஒட்டிக்கிட்டு நின்னுருக்கு. நான்தான் தாய்னு நினைச்சுட்டேன்."

"சபையே எழுந்து நின்னு ஸ்தோத்திரம் சொல்லிச்சேம்மா."

"தெரியும்ப்பா."

முடிவு ஒன்று: "அதுக்கென்ன, தப்பைக் கண்டுபிடிச்சதுக்கு இன்னொரு காணிக்கை போட்டாப் போச்சு" என்று சிரிக்கிறார்.

(இவ்வளவு நல்ல அப்பாவை நான் நம்பவில்லை. இதையும் அடித்துவிட்டேன்.)

பஸ்ஸில் அவர் சொன்னது வேறு. "இது வேற யாருக்காச்சும் தெரியுமாம்மா?" என்று கேட்டாராம்.

மகளுக்காகப் பயந்து கேட்டாரா, மறைத்துவிடு என்று கேட்டாரா? அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்பதற்குள் அவர் ஸ்டாப்பிங் வந்துவிட்டது. கட்டுரை வெளிவந்ததா என்று நான் தேடவில்லை. அப்பாவின் அந்தக் கேள்வியை நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எந்தக் குரலில் படித்தீர்களோ, அந்தக் குரலுக்குத்தான் அவள் பதில் சொல்லியிருப்பாள்.