ஆவணியில் வந்த உத்தரவு

ரைஹானத் பேரூராட்சி உறுப்பினராகி நான்கு வருடம் முடியப் போகிறது. தெருவிளக்கு, வாறுகால், குடிதண்ணீர்க் குழாய் என்று அவள் கேட்காத புகார் இல்லை. ஆனால் தை மாதம் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை இரண்டு தடவை படித்த பிறகுதான் விளங்கியது. பக்கத்து ஊர்க் கிளைச்சிறைக்கு அவளைப் பார்வையாளராக நியமித்திருந்தார்கள். மாதம் ஒருமுறை போய்க் கைதிகளைப் பார்த்து, குறை இருந்தால் அங்குள்ள குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதியது ஆட்சியருக்கும் நீதிபதிக்கும் போகும்.

சவுதியில் தம்மாமிலிருந்து பேசிய கணவன் ரசீத் சிரித்தான். "ஏளா, ஊர்ல எத்தனை மெம்பர் இருக்காங்க. உன்னையத்தான் ஜெயிலுக்கு அனுப்புதாங்களா?"

"நான் சாயங்காலமே திரும்பி வந்துருவேன். உங்களைத்தான் ரெண்டு வருசமா காணல" என்றாள் அவள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏரலுக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களைத் தாண்டி இருந்தது அந்தச் சிறை. முப்பத்தொரு பேர். எல்லாரும் விசாரணைக் கைதிகள். கண்காணிப்பாளர் செந்தூர்பாண்டி ஓய்வு பெற ஒரு வருடமே பாக்கி உள்ளவர், அதிர்ந்து பேசாதவர். சமையல்கட்டைக் காட்டினார். சாம்பாரை வாயில் விட்டுப் பார்த்தாள். குறை சொல்லும்படி இல்லை.

முற்றத்தில் கைதிகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஏதாவது குறை உண்டா என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். பின்னால் காவலர் லத்தியோடு நிற்பதைப் பார்த்தாள். அவரை வாசல்பக்கம் போய் நிற்கச் சொன்னாள். அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் இருந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டும் மெல்லக் கேட்டார்.

"அம்மா, மலையில மழை உண்டா?"

"எந்த மலைல அண்ணாச்சி?"

"மாஞ்சோலை."

அவர் பெயர் சுடலையாண்டி. முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டம் மூடி எல்லாரும் கீழே இறங்கியபின் கிடைத்த வேலையெல்லாம் பார்த்திருக்கிறார். போன ஆனி மாதம் வாழைத்தார் சுமக்க இந்தப் பக்கம் வந்து, ஒரு தோட்டத்துப் பம்புசெட் அறையில் தங்கியிருந்தார். ஒருநாள் காலையில் மோட்டார் வயரைக் காணவில்லை. ஊருக்குப் புதியவர் அவர் ஒருவர்தான்.

"ஜாமீன் கேட்டியளா?"

"ஒரு வக்கீலய்யா வந்து கைநாட்டு வாங்கிட்டுப் போனாரு. பொறவு ஒரு தாக்கலும் இல்ல."

ரைஹானத் அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டைக் கேட்டாள். ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு வரியில் நின்றாள்.

"சார், இவருக்கு ஆவணியிலயே ஜாமீன் கிடைச்சிருக்கே."

செந்தூர்பாண்டி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்று உத்தரவு. பதிந்து வைத்த கிளார்க் மறுவாரமே மாறுதலில் போய்விட்டார். கைதியிடம் யாரும் சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே போகாதவர்களைப் பற்றி, இலவச வக்கீல் வைத்துத் தரும் சட்டப் பணிகள் குழுவுக்கு எழுத வேண்டும். அதையும் யாரும் எழுதவில்லை. அஞ்சு மாதம் ஓடியிருந்தது.

ரைஹானத் விடாமல் மற்ற பக்கங்களையும் பார்த்தாள். அதே மாதிரி இன்னும் மூன்று பேர்.

"இன்னைக்கே குழுவுக்கு எழுதிருதேம்மா" என்றார் செந்தூர்பாண்டி. "குறிப்பேட்டுல மட்டும் வேண்டாமே. ரிட்டயர் ஆகப் போற நேரத்துல மெமோ வந்தா..."

அவளுக்கு இரக்கமாக இருந்தது. பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"சார், நான் எழுதலைன்னா அடுத்த தடவையும் இப்படித்தான் விட்டுப்போவும். உங்களுக்காக ஒண்ணு செய்யுதேன். நடந்ததையெல்லாம் எழுதுதேன்."

நான்கு பெயரையும் தேதியையும் எழுதினாள். கீழே, ஐந்து மாதமாக இங்கே கிளார்க் இல்லை, கண்காணிப்பாளர் ஒருவரே எல்லாப் பதிவேட்டையும் பார்க்கிறார், உடனே ஆள் போட வேண்டும் என்றும் எழுதினாள். செந்தூர்பாண்டி அதைப் படித்துவிட்டு முத்திரை வைத்தார்.

சுடலையாண்டியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்டுக்குச் சொல்லிவிடலையா?" என்று கேட்டாள்.

"போலீசு விலாசம் கேட்டப்ப மலைல எஸ்டேட் லைன் வீட்டையே சொல்லிட்டேன். அங்க இப்ப ஒரு குஞ்சு கிடையாது. கடுதாசி போனாலும் எம் பொண்டாட்டி கைக்குப் போவாதுல்லா." தரையைத் தடவினார். "எம்புருசன் ஒரு கைக் கொழுந்துகூட அடுத்தவ கூடையில எடுக்க மாட்டாருன்னு பெருமையா சொல்லுவா. அவ மூஞ்சில எப்படி முழிக்க?"

"அதை நீங்களே முடிவு பண்ணுதியளே. அக்கா முடிவு பண்ணட்டும். நான் போய்ச் சொல்லலாமா?"

அவர் தலையசைத்து, மனைவி இப்போது இருக்கும் இடத்தைச் சொன்னார்.

திருநெல்வேலிக்கு வெளியே, மலையிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் அவர் மனைவி இசக்கித்தாயைக் கண்டுபிடித்தாள் ரைஹானத். கதவைத் திறந்த அம்மா, முன்பின் தெரியாத ஒருத்தி தன் புருசன் பெயரைச் சொன்னதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்காரா?"

"நல்லா இருக்காரு அக்கா."

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். காணவில்லை என்று எழுதிக் கொடுத்ததையும், மலைக்குத்தான் போயிருப்பார் என்று மலையடிவாரச் செக்போஸ்ட் வரை போனதையும், உள்ளே விடாததால் அங்கேயே பொழுதுசாயும்வரை நின்றதையும் சொன்னாள். ரைஹானத் மெல்ல, ஒன்றையும் விடாமல் நடந்ததைச் சொன்னாள். வயர் என்றதும் இசக்கித்தாய் நிமிர்ந்தாள்.

"அவரா? அந்த மனுசனுக்கு பல்பு மாட்டவே கை நடுங்கும்!"

அழுகையும் சிரிப்புமாக எழுந்து, வராந்தாவில் நின்று கூப்பிட்டாள். "ஏ சுடலைவடிவு! உம் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு இங்கன வா!"

மலையில் அடுத்த வீட்டில் இருந்தவர்கள் சுடலைவடிவும் அவள் கணவன் பரமசிவனும். ஜாமீன் நிற்க இரண்டு பேர் வேண்டும் என்று ரைஹானத் சொல்லி முடிக்குமுன் பரமசிவன் ரேஷன் கார்டை எடுத்துவரப் போய்விட்டார். அதற்குள் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்து, நான் வாரேன், நான் வாரேன் என்றார்கள். ரெண்டு பேர் போதும் என்று அவர்களுக்குப் புரியவைப்பது பெரும்பாடாகிவிட்டது.

மறுவாரம் சட்டப் பணிகள் குழுவின் வக்கீல் நீதிமன்றத்தில் எல்லாம் முடித்தார். மற்ற மூவரில் இருவருக்கு வீட்டார் வந்தார்கள். யாருமே இல்லாத செங்கல்சூளைத் தொழிலாளியைச் சொந்தப் பிணையில் விடும்படி நீதிபதி சொன்னார். செந்தூர்பாண்டிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கூடவே ஒரு கிளார்க்கும் வந்தார்.

விடுதலை அன்று சாயங்காலம், வழக்கமாக அறையை விட்டு வராத செந்தூர்பாண்டி வெளிவாசல் வரை வந்தார். இசக்கித்தாயிடம், "இதுல என் தப்பும் உண்டும்மா. மன்னிச்சிரணும்" என்றார்.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அஞ்சு மாசம் அய்யா" என்றாள். அவர் அங்கேயே நின்றார்.

சுடலையாண்டி சின்னக் கதவு வழியாகக் குனிந்து வந்தார். மனைவியைப் பார்த்ததும் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார்.

"திருட்டுக் கேசு..." என்று ஆரம்பித்தார்.

"நீரு எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? அதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல." அவள் அவர் பக்கத்தில் போனாள். "செத்துட்டீருன்னு நெனச்சு இருக்கவா, ஓடிட்டீருன்னு நெனச்சு இருக்கவா? எதை நெனச்சு நான் தூங்க?"

அவர் வாய்விட்டு அழுதார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. பங்குனியில் வாய்தா இருந்தது. பேருந்து வந்தது. கூட்டத்தில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. இசக்கித்தாய் அவரை அதில் உட்கார வைத்துவிட்டு, அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பேருந்து திரும்பும்வரை ரைஹானத் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்மாமில் இருக்கும் ரசீதுக்கு ஒரு போன் போட்டாள்.