முட்டை வாங்கிய மூன்றாம் விதி சார்

விடைத்தாள் திருத்துவதில் இயற்பியல் ஆசிரியருக்கு ஒரு கொடூரமான சந்தோஷம் உண்டு. மேசைமேல் புத்தகம் சும்மா கிடக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேசை அதை மேலே தள்ளுகிறது. இவை வினையும் எதிர்வினையும் என்று எழுதியவர்களுக்கெல்லாம் முட்டை. நாற்பது பேரில் முப்பத்தெட்டு பேர் அப்படித்தான் எழுதித் தொலைத்திருந்தார்கள்.

"கரடியாக் கத்தினேனே!" என்று தாளோடு சண்டை போட்டார். "ரெண்டு விசையும் ஒரே புத்தகத்து மேல இருந்தா எப்படி ஜோடி சேரும்? புத்தகம் மேசையை அழுத்துது, மேசை புத்தகத்தைத் தள்ளுது. ஆளுக்கு ஒண்ணு. அதான் ஜோடி!"

எதிரே அவர் மனைவி டீ குடித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக். பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் பொறுப்பு, வேறு ஊரில், அவளைத் தேடி வந்திருந்தது. ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்போது மணி நாலே முக்கால். புருஷனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் ஆசை. கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் அவர் அம்மாவோ, கடையை விட்டுத் தானும் வர மாட்டேன், மகனையும் விட மாட்டேன் என்று ஒரே பிடி. மூன்று வாரமாக ஆசிரியர் இந்தப் பக்கமும் தலையாட்டினார், அந்தப் பக்கமும் தலையாட்டினார்.

"என்னங்க முடிவு?"

"நான் என்ன பண்றது? நீ 'வாங்க'ன்னா அம்மா 'போகாதே'ங்கறாங்க. வினை, எதிர்வினை. அது இயற்கை. யாராலயும் மாத்த முடியாது."

பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'மூணாம் விதி' என்று பட்டப்பெயர் சும்மா விழவில்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் யாரை இழுக்கறேன்?"

"என்னை."

"அத்தை?"

"என்னைத்தான்."

"ரெண்டும் ஒரே ஆள் மேல. அப்ப உங்களுக்கும் முட்டைதான், சார்."

சிவப்புப் பேனா அந்தரத்தில் நின்றது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் இழுப்பு சமமா இருக்கு, அதான் நீங்க அசையல," என்றாள் அவள். "மாடியில நிக்கிற எங்க லிஃப்ட் மாதிரி. மேல கயிறு இழுக்குது, கீழ பூமி இழுக்குது. கயிறு அறுந்தா பூமியும் பாவம் பார்த்து விட்டுடுமா? ஜோடியா இருந்தா ஒண்ணு போறப்ப இன்னொண்ணும் போயிருக்கும். இது ஜோடி இல்லையே. பாருங்க, நான் விட்டுட்டேன். நான் தனியாவே போயிக்கறேன். இனி அத்தை பக்கம் தானா சரிஞ்சுடுவீங்க."

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"யாரும் என் பக்கம் சரிய வேண்டாம்." கழுத்தில் அளவு டேப்போடு அம்மா வாசலில் நின்றாள். கேட்டுக்கொண்டேதான் படியேறியிருக்கிறாள். "அதைச் சொல்லத்தான் வந்தேன். நானும் விட்டுட்டேன்டா. பதினஞ்சு வருஷமாக் கடையை நான்தானே நடத்தறேன், நீயா நடத்தறே? உன் இஷ்டம். போறதுன்னா போ."

இப்போது இழுக்க ஒருவரும் இல்லை. ஆசிரியர் இம்மியும் அசையவில்லை. கடிகாரத்தில் பத்து நிமிடம்தான் பாக்கி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் அசையாமல் இருந்தது இரண்டு பெண்களும் இழுத்ததால் அல்ல. அவர்கள் இழுப்பது அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், பெண்டாட்டி வேலைக்குப் பின்னாலேயே வந்தவன் என்ற பேச்சு, எல்லாமே பயம். நாற்பத்தொரு வயதில் இப்படி ஒரு பயமா என்று வெட்கமாக இருந்தது.

"பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்கியே!" என்றாள் அம்மா.

அவர் பரிதாபமாக மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அதெல்லாம் தூக்கி விட மாட்டேன்," என்றாள் அவள். "நீங்க தரையை அழுத்துங்க. அது உங்களைத் தள்ளும்."

ஆசிரியர் இரண்டு காலையும் ஊன்றி அழுத்தினார். தரை தன் பங்குக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எழுந்து போய் அவள் போனை எடுத்து அவள் கையிலேயே வைத்தார்.

"ரெண்டு பேரா வர்றோம்னு சொல்லு."