மென்டல் நரம்பு

பிள்ளைக்காம்பராவின் வாசலில் தர்ஷினி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றாள். கங்காணி இரண்டு தடவை விசில் ஊதிவிட்டார். பெண்கள் குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு மலைக்கு ஓடுகிற நேரம். விஜயலெட்சுமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "குடு புள்ள, நான் பாத்துக்கிறேன்" என்று இரு கைகளையும் நீட்டினாள். தர்ஷினியின் பார்வை அவளுடைய தாவாங்கட்டையிலேயே நின்றது. அங்கே தேத்தண்ணி கோடாக வழிந்து சட்டையை நனைத்துக்கொண்டிருந்ததை விஜயலெட்சுமி பிறகுதான் பார்த்தாள்.

"இல்லக்கா, இவளுக்கு மேலு சுடுது. இன்னிக்கி நான் லயத்து வீட்டுலயே இருந்துக்கிறேன்."

குழந்தை சிரித்துக்கொண்டுதான் போனது.

தை மாதத்து மழையில், பூனாகலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில், நிறைந்த கூடையோடு படியில் சறுக்கி முகம் குப்புற விழுந்தவள் விஜயலெட்சுமி. தாடை எலும்பு இரண்டாக உடைந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் தகடு வைத்துப் பொருத்தினார்கள். எலும்பு கூடிவிட்டது, இடப்பக்கத்துக் கீழுதடும் தாவாங்கட்டையும் மட்டும் யாரோ இரவல் கொடுத்தவைபோல மரத்துப் போயின. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் தெரியாது, எச்சில் வழிந்தாலும் தெரியாது. அதற்காகவே மடியில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொண்டு அடிக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பாள். ஒரு வருசத்துக்குக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டக்கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை காலியாக இருந்தது. தோட்டத்துத் தொரையிடம் கேட்டு வாங்கினாள். பிறந்து தங்காத தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் முதல்நாள் காலையில் பதினான்கு தொட்டில் சேலைகளையும் தானே துவைத்துக் கட்டியபோது, கலியாண வீட்டுக்காரியைப்போல அவளுக்குக் கையும் காலும் பரபரத்தன.

ஆஸ்பத்திரித் துண்டை ஆபீசில் கொடுத்திருந்தாள். இங்கிலீசில் எழுதியிருந்ததில் கிளாக்கருக்குத் தெரிந்த ஒரு சொல் இருந்தது: மென்டல். அவர் கெட்ட மனிதரல்ல. மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். இரண்டு நாளில் நாலு லயத்துக்கும் தெரிந்துவிட்டது. வழிகிற எச்சிலுக்கும், ஓயாமல் கண்ணாடி பார்ப்பதற்கும் ஊருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் ஐந்து தொட்டில்கள்தான் ஆடின. புத்திக் கோளாறு இல்லையென்று டொக்டரிடம் கடுதாசி வாங்கி வரும்படி ஆபீசில் சொன்னார்கள்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் துவாரகா யாழ்ப்பாணத்துப் பெண். துண்டை வாசித்துவிட்டு, "நாடியைக் காட்டுங்கோ அம்மா" என்றாள். விஜயலெட்சுமி மணிக்கட்டை நீட்டினாள். டொக்டர் சிரித்துவிட்டு அவளுடைய தாவாங்கட்டையைத் தொட்டுக் காட்டினாள். "நாங்கள் இதைத்தான் நாடி எண்டுறது."

பிறகு மேசையிலிருந்த தைலப் போத்தலைத் திறந்து வலப்பக்கத்தில் தடவினாள்.

"எப்பிடி இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்குங்க."

"இஞ்சால?"

விஜயலெட்சுமி காத்திருந்தாள். புதினா வாசம் மட்டும் மூக்கில் ஏறியது. "தடவிட்டீங்களா?" என்று கேட்டாள்.

டொக்டர் போத்தலை மூடினாள். "அந்தக் குளிரைச் சொல்லுற நரம்புக்குப் பேர்தான் மென்டல் நரம்பு. லத்தீன்ல மென்டும் எண்டா நாடி. மனசுக்கு இருக்கிற சொல் வேற. இங்கிலீசுக்கு வரேக்க ரெண்டும் ஒண்டாப் போச்சுது. இந்தத் தைலத்தில கிடக்கிற மென்தோலும் கேக்க அப்பிடித்தான் இருக்கும், அது புதினா. விளங்குதோ? உங்களுக்கு விசருமில்லை, பைத்தியமுமில்லை. ஆர் சொன்னது அப்பிடி?"

யாரென்று சொல்வது? விஜயலெட்சுமி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "தமிழ்ல எழுதிக் குடுங்கம்மா. எல்லாருக்கும் வெளங்கணும்."

டொக்டர் தன் கைப்படவே எழுதினாள். பஸ்ஸில் வரும்போது விஜயலெட்சுமி அதை நாலு தடவை வாசித்தாள். வீட்டில் புருசன் புவனேந்திரனும் வாசித்தான். வாசித்து முடித்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். அது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், எல்லோர் முன்னாலும் வாசிக்கும்படி கிளாக்கரிடம் கேட்டாள். அவரும் தன் பிழையைத் தீர்த்துவிடுகிற நினைப்பில் குரலை உயர்த்தி வாசித்தார். நரம்பு, நாடி, லத்தீன் எல்லாம் மழைக்கு ஒதுங்கி நிற்பவர்களின் காதில் விழுவதுபோல விழுந்தன. "இவருக்கு மனநோய் எதுவும் இல்லை" என்ற கடைசி வரியோடு அவர் தாளை மடித்தார். முடிந்தது என்று விஜயலெட்சுமி மூச்சுவிட்டாள்.

"அது சரி," என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல். "நமக்கெல்லாம் பைத்தியம் இல்லேன்னு யாராச்சும் கடுதாசி எழுதிக் குடுத்திருக்காங்களா?"

யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"ஒன்னய யாரு அத வாசிக்கச் சொன்னது?" என்றான் புவனேந்திரன், வீட்டுக்கு வந்ததும். "தெரியாதவனுக்கும் தெரிஞ்சு போச்சு."

"அப்ப நீயும் நம்பலியா?"

அவன் வெளியே போய்ச் செருப்பைத் தட்டினான். தட்டத் தேவையில்லாத செருப்பு.

வாரம் முடிவதற்குள் பிள்ளைக்காம்பராவுக்கு வேறொருத்தி வந்தாள். பாரமில்லாத வேறு வேலை இல்லையென்று ஆபீசில் கைவிரித்துவிட்டார்கள். மறுபடியும் மலைக்குப் போகக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டும்போது தகடு இருந்த இடத்தில் சுள்ளென்றது. வலி மட்டும் அந்தப் பக்கத்தை மறக்கவில்லை.

காலையிலிருந்து தூறல். நிரையில் அவளுக்கு எதிரே தர்ஷினியும் இன்னும் இரண்டு பேரும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். தன்னைப் பற்றித்தான் என்று நினைத்து அவள் நிமிரவில்லை. கை தன் பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, கையிலிருந்த இளம் கொழுந்தின்மேல் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. முகத்தில் தடவினாள், தாவாங்கட்டையில் ஓர் அட்டை இரத்தம் குடித்து விரல் தடிப்பில் ஊதித் தொங்குவது கைக்குத்தான் தெரிந்தது.

நிமிர்ந்தாள். மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தர்ஷினி முதலில் கண்ணைத் தாழ்த்தி, அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.