தூக்குவோர் அட்டவணை

எங்கள் மாலை வகுப்பு மாடியில் நடந்தது. மொத்தம் இருபத்திரண்டு படிகள். நான் எண்ணிப் பார்த்தபோது ஜாய்ஸ் இன்னும் சேர்ந்திருக்கவில்லை என்பதால், அந்தக் கணக்கு யாருக்கும் பயன்படவில்லை.

விளாங்குடியைத் தாண்டி, மிக்கேல் சம்மனசு என்னும் வானதூதரின் கோயிலை ஒட்டிய பங்கு மன்றம் அது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மரியராஜ் சார் அங்கே அரசுத் தேர்வுக்கு இலவசமாகப் பாடம் எடுத்தார். எந்த மதத்தவரும் சேரலாம். நான் அப்படிச் சேர்ந்தவன். வருகைப் பதிவேடும் வினாத்தாள் கட்டும் என் பொறுப்பு. சார் ஒரே ஒரு விதியில்தான் கறாராக இருந்தார். சனிக்கிழமை மாதிரித் தேர்வுகள் எட்டையும் எழுதியவர்களுக்கே கடைசி மாதச் சிறப்புப் பயிற்சியில் இடம். ஒன்று விட்டாலும் கிடையாது.

ஜாய்ஸ் இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டிலிருந்து சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தி மேலே பார்த்தாள்.

"கவலைப்படாதம்மா. நம்ம இளைஞர் மன்றத்துப் பசங்க பூ மாதிரி தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார் சார்.

"கீழ் ரூமைத் தொறந்தா நானே உள்ள வந்துருவேன் சார்."

"அதுல சப்பரம் நிக்குதும்மா."

"வருஷத்துல ஒரு நாள்தான சார் பவனி வருது?"

"அதுக்காக? சம்மனசை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"அவருக்குத்தான் றெக்கை இருக்கே சார். அவரு மாடிக்குப் போகட்டும், நான் கீழ இருந்துக்கிறேன்."

சார் சிரித்தார். பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்று கோயில் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். என்னிடம் திரும்பி, "முத்துக்குமரா, நீதான் எல்லாத்தையும் ஒழுங்கா எழுதுறவன். ஒரு அட்டவணை போட்டுரு" என்றார்.

போட்டேன். கிழமை, தூக்குவோர் நால்வர், பிடிக்க வேண்டிய மூலை, எடை. எடைக் கட்டத்தில் "தோராயமாக 48" என்று எழுதினேன். அப்படி ஒரு கட்டம் தேவைதானா என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் அகலம் போதுமா என்றுதான் தோன்றியது. சுவரில் ஒட்டிய அன்றே ஜாய்ஸ் அதைப் படித்துவிட்டாள்.

"ஐம்பத்திரண்டுண்ணே. ஊரே பாக்குற மாதிரி எழுதுறதுன்னா சரியா எழுதுங்க. என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

நான் 48ஐ அடித்துவிட்டு 52 என்று எழுதினேன். கட்டத்தையே அடித்திருக்கலாம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

இளைஞர் மன்றத்துக்குத் தெரிந்த தூக்கல் ஒன்றே ஒன்று, சப்பரத் தூக்கல். நாற்காலியையும் அப்படியே தூக்கினார்கள். தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்கள். சப்பரத்தில் தோள் கொடுக்கும் முன்வலது கொம்பு, நால்வரில் ஒருவனான ஜினோவின் குடும்பத்துக்கு உரியது. அவன் தாத்தா பிடித்தது, அப்பா பிடித்தது. ஆகவே நாற்காலியிலும் முன்வலது மூலை தனக்குத்தான் என்றான். இன்னொரு மூலையைப் பிடித்த ஜோ ஒத்துக்கொள்ளவில்லை.

"நாற்காலிக்கு என்னடா பரம்பரை?"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு மாப்ள."

இந்த வாதம் ஒன்பதாவது படியில் நடந்தது. ஜாய்ஸ் அந்தரத்தில் இருந்தபடி பொது அறிவுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்து முடித்தாள். மேலே சேர்ந்ததும் ஜோ பழக்கதோஷத்தில், "மிக்கேல் சம்மனசே!" என்று குரல் கொடுத்தான். மற்ற மூவரும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றார்கள்.

"மொதல்ல எறக்கி விடுங்கப்பா. வேண்டிக்கிறதைப் பெறகு பாப்போம்" என்றாள் ஜாய்ஸ்.

தூக்கும்போது யாரோ எடுத்த படம் அன்றே எல்லோருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் வந்தது. மேலே "மனிதம் வாழ்கிறது" என்று எழுதியிருந்தது. நால்வர் முகங்களும் தெளிவாக இருந்தன. ஜாய்ஸின் முகத்தை ஜினோவின் முழங்கை மறைத்திருந்தது.

இப்படியே ஏழு தேர்வுகள் முடிந்தன. எட்டாவது தேர்வு திருவிழாச் சனிக்கிழமையில் வந்தது. ஐந்து மணிக்குத் தேர்வு. அதே நேரத்தில் பவனி. நான் அட்டவணையோடு போய் ஜினோவைப் பிடித்தேன்.

"இன்னைக்கா? இன்னைக்குச் சம்மனசு மாப்ள!"

"உன் பேரு இதுல இருக்கு."

"ஒரு பரீட்சைதான? அடுத்த வருஷம் எழுதிக்கிரட்டும். நல்ல காரியத்துக்கு நாங்க எப்பயும் வருவோம், சொல்லிரு."

மன்றத்துக்குத் திரும்பினேன். படிக்கட்டுக்குக் கீழே ஜாய்ஸ் இருந்தாள். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சப்பரம் கிளம்பிப் போய்விட்டதால் கீழ் அறை விரியத் திறந்து, கூட்டிப் பெருக்கிய தரையோடு காலியாகக் கிடந்தது. மாடியிலிருந்து இரண்டு மாணவர்கள், தாங்கள் தூக்குவதாகச் சொல்லி இறங்கி வந்தார்கள்.

"வேணாம்ண்ணே. ரூம்தான் தொறந்திருக்குல்ல?" என்று ஜாய்ஸ் சக்கரத்தைத் தள்ளி உள்ளே போய், நடு அறையில் நிறுத்தினாள். "ஒரு மேசை மட்டும் எறக்கிக் கொடுங்க."

"தேர்வு மேலதாம்மா நடக்குது" என்றார் சார்.

"வினாத்தாளு எறங்கி வராதா சார்? அதுக்குக் காலு நல்லாத்தான இருக்கு?"

சார் என்னைப் பார்த்தார். பதிவேடு என் கையில் இருந்தது. அவர் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அவர் சொல்வதற்கு முன்பே மாடிக்கு ஓடினேன். இரண்டு வினாத்தாள்களோடு இறங்கி வந்தேன். மாணவர்கள் மேசையை இறக்கினார்கள். "நானும் இங்கயே எழுதுறேன் சார்" என்றேன். இரண்டு இடத்தையும் ஒருவரே எப்படி மேற்பார்வை பார்ப்பது என்று சார் புலம்பினார். கடைசியில் படிக்கட்டின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

ஆறரைக்கு மழை பிடித்துக்கொண்டது. பவனி பாதியிலேயே திரும்பி ஓடிவந்தது. பிளாஸ்டிக் விரிப்புக்குள் சம்மனசு. விரிப்புக்கு வெளியே நனைந்துகொண்டு நால்வர். வாசலெல்லாம் சேறு. இறக்கி வைக்க இடமில்லை.

"ஏ ஜாய்ஸ், கொஞ்சம் வெளிய வா. சப்பரம் உள்ள வரணும்" என்றான் ஜினோ.

"பரீட்சை நடக்குதுண்ணே."

"கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார் சார் படிக்கட்டிலிருந்து.

"ஏழு மணி வரைக்கும் நேரம் இருக்குன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"தோளு விட்டுப் போகுது ஜாய்ஸ்!" என்றான் ஜோ.

"அம்புட்டு வலிக்குமா? ஏழு வாரமா ஒருத்தரும் சொல்லவே இல்லயே."

ஜினோ கால் மாற்றி நின்றான். முன்வலது கொம்பு அவன் தோளில் இருந்தது. அதை யாரிடமும் மாற்றிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஜாய்ஸ் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சரியாக ஏழு மணிக்கு விடைத்தாளை நீட்டினாள். ஒரு நிமிடம் கூட முன்னதாக இல்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே எட்டாவது கட்டத்தில் குறியிட்டேன். என் பெயருக்கு நேரேயும் இட்டேன். ஆனால் கடைசிப் பன்னிரண்டு கேள்விகளை நான் வாசிக்கவே இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.