பானைக்குள் இலவம்பஞ்சு

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "பானை ரேடியோ கலைமணி" என்று கேட்டுப் பாருங்கள். பச்சைக் குழந்தைகூடக் கையைக் காட்டும். ரேடியோவிலிருந்து ஒயர் இழுத்து, பெரிய ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து ஒட்டினால் பாட்டு நெஞ்சில் இடிக்கும். இந்த ரோட்டில் டீக்கடை, சலூன் எல்லாவற்றிலும் அதிர்வது என் பானைதான். பொம்பளை மெக்கானிக்கா என்று சிரித்தவர்கள்தான் இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் என் கடை வாசலில் நிற்கிறார்கள்.

அன்றைக்குப் பென்னலூர் லூர்தம்மாள் தன் ரேடியோவோடு வந்தாள். அவள் மகள் இசைவாணி முதல்முறையாகச் சென்னை வானொலியில் பாடுகிறாள், சாயங்காலம் ஒலிபரப்பு. பொட்டப்புள்ளைக்குப் பாட்டு ஒரு கேடா என்று வருஷக்கணக்காகக் குத்திக்காட்டிய கொழுந்தன் ஜெபகுமாரையும் சேர்த்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் வரச் சொல்லியிருந்தாள்.

"தெருவே கேக்கணும் கலை. என் மானம் உன் கையிலதான் கீது."

இருப்பதிலேயே பெரிய பானையை மாட்டினேன். சுவரில் காலண்டர் ஆடியது. ரேடியோவில் ஒரு அம்மாள் சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னா இது? பொம்பள பேசுனா எரும கத்துறாப்ல கீது!" லூர்தம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஊரே இந்தச் சத்தத்துக்குத்தான் அலையுது. உனக்குத்தான் காது மந்தம்."

"ஊரு அலையட்டும். எம்பொண்ணு கொரலு ஊசி மாரி. இதுல போட்டா செத்துப்பூடும்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே போய் நின்று கேட்டேன். அடக் கடவுளே, ஒரு வார்த்தை புரியவில்லை! சினிமாப் பாட்டுக்குத் தலையாட்டித் தலையாட்டி என் காதும் கெட்டிருக்கிறது. பானையைக் கழற்றினால் வெறும் கீச்சு. அது பக்கத்து வீட்டுக்கே எட்டாது.

விடுவேனா? கடைக்குப் பின்னால்தான் வீடு. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ரகுபதியின் தலைக்கடியிலிருந்து தலையணையை உருவிக் கிழித்தேன்.

"பைத்தியமாடீ உனக்கு?"

"ஆமா. நீ தூங்கு."

இலவம்பஞ்சைப் பானைக்குள் திணித்ததும் இடி அடங்கியது. ரேடியோவின் குட்டி ஸ்பீக்கரை, இடிச் சத்தம் அதற்குள் போகாமல் தடுக்க ஒரு கண்டன்சர் போட்டு, மெல்லிய குரலுக்கென்று தனியாகப் பக்கத்தில் கட்டினேன். சமையல் அம்மாள் கடுகு தாளிக்கச் சொன்னது ரோடு வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் பானையைக் கொண்டுபோய் லூர்தம்மாள் வீட்டு வாசலில் வைத்தபோது பென்னலூர்த் தெருவில் நிற்க இடமில்லை. ஜெபகுமார் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். இசைவாணியின் பெயரை அறிவித்ததும் லூர்தம்மாள் என் விரல்களை நசுக்கினாள். குரல் வந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் கடைசி வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பல்லவி முடிந்து மேலே போகுமுன் அந்தப் பெண் மூச்சு இழுத்ததுகூடத் தெளிவாகக் கேட்டது.

"அவதான்! எம்பொண்ணுதான்! அப்டித்தான் மூச்சு வாங்குவா!" லூர்தம்மாள் கத்தியே விட்டாள்.

பாட்டு முடிந்தது. ஜெபகுமார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "அண்ணி, பாப்பா வந்ததும் எங்க வூட்டுல ஒருதபா பாடச் சொல்லுங்க."

லூர்தம்மாள் தலையை ஆட்டினாள்.

எல்லோரும் பாட்டுக்குக் கை தட்டினார்கள். தட்டட்டும். பாடியது அந்தப் பெண். அவள் மூச்சைப் பென்னலூர் வரைக்கும் கொண்டுவந்து பெற்றவள் காதில் போட்டது நான்தான்.